மூன்றாம் நம்பர் குடல்

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்கியவதி மருமகள் ஷோபனாவுக்கு, மாமனார் துரைக்கண்ணு ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அத்தை அம்மாக்கண்ணுவும் நலம். அவ்விடம் நீயும், என் மகன் நெடுமாறனும், உன் லேபில் உள்ள கண்ணாடிக் குடல்கள் மூன்றும் நலமாயிருக்க மேல்மலையனூர் அம்மனை வேண்டுகிறேன்.

இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் என் ராசிக்கு சம்பந்தி வீட்டு குரூப்புக்குப் போய்விடும். அதனால் தபால். நாற்பது வருஷம் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் ஊரார் பத்திரம் எழுதியவன், முதல் தடவையாக என் குற்றத்தை நானே எழுதிக்கொடுக்கிறேன், யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுயநினைவோடு.

தை மாசம் நீ வந்தபோது சொன்னாய், கண்ணாடிப் பாத்திரத்தில் மனுஷக் குடல் மாதிரியே ஏற்பாடு பண்ணி, காற்றுப் புகாமல் உடம்புச் சூட்டில் வைத்து, ஆரோக்கியமான மூணு பேருடைய மலத்திலிருந்து கிருமிகளை எடுத்து அதில் விட்டு, வெங்காயத்து நாரைப் போட்டால் நல்ல கிருமி அதைத் தின்று பெருகுதா என்று பார்ப்பதாக. அறுபது தாண்டின ஒருத்தர் மட்டும் கிடைக்கலை என்றதும் நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து, வாராவாரம் ராஜகிரி மலை ஏறுறவன், கல்லைத் தின்னாலும் கரைக்கிற வயிறுன்னு மார்தட்டினேன். நீ டப்பாவும் ஃபாரமும் கொடுத்தாய். மூணு மாசமா ஆன்டிபயாட்டிக் மாத்திரை எதுவும் சாப்பிடலைன்னு போட்டிருந்த இடத்துல கையெழுத்து போட்டேன். பொய்ம்மா. பதினஞ்சு நாள் முன்னாடிதான் கடவாப்பல் வீங்கி, மெடிக்கல்ல கேட்டு வாங்கி அஞ்சு நாள் வேளாவேளைக்கு முழுங்கியிருந்தேன்.

ஏன் மறைச்சேன்னா, அதுக்குள்ள பஸ் ஸ்டாண்டு டீக்கடைல சொல்லிட்டேன், இந்தத் தாலுக்காவுலயே என் குடலைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கினாங்கன்னு. மாமாவுது மட்டும் நாத்தமே இல்லன்னு நீ நெடுமாறன்கிட்ட ஆச்சரியப்பட்டியாமே, அதையும் விடாம போய்ச் சொன்னேன். அங்க தினம் டீ குடிக்க வர்ற இராமச்சந்திரனே எழுந்து பெஞ்சுல எனக்கு இடம் விட்டான். அல்பம், வேற இன்னா சொல்றது என்னை.

நேத்து நெடுமாறன் போன் பண்ணான். ரெண்டு குடல்ல கிருமி பெருகி கேஸ் வருதாம், மூணாம் நம்பர் மட்டும் சும்மா கெடக்குதாம், நாலு தடவ செஞ்சி பாத்துட்டியாம். உனக்குக் கை சுத்தம் போதாதுன்னு உங்க மேடம் எல்லார் எதிர்லயும் திட்டினாங்களாம். நீ சாப்பிடாம அழுவுறியாம், படிப்பையே விட்டுடறேங்கிறியாம். கேட்டதுலேர்ந்து எனக்கு சோறு எறங்கல தாயி. உன் கை சுத்தம்தான், என் கையெழுத்துதான் அழுக்கு. மாத்திரைல என் கிருமிங்க பூரா செத்துப்போச்சு, செத்ததுங்களுக்குப் போய் நீ வெங்காயம் போட்டுக்கினு இருந்திருக்க. இந்த லெட்டரை அப்படியே உங்க மேடம்கிட்ட காட்டு. படிப்பை மட்டும் விட்டுடாத. உன் மூஞ்சில முழிக்கவே வெக்கமா இருக்குது.

நீ டாக்டர் பட்டம் வாங்கி தீர்க்காயுசா இருக்கணும்னு, குனிஞ்ச தலையோடயே ஆசீர்வதிக்கும்,

மாமா துரைக்கண்ணு,
பத்திர எழுத்தர் (ஓய்வு)

பி.கு.: கவரை ஒட்ட ரெண்டு பருக்கை சோறு கேட்டேன். இன்னா லெட்டர் இதுன்னு கேட்டா உன் அத்தை. படிச்சுக் காட்டினேன். திட்டுவான்னு பாத்தா மூஞ்சைத் திருப்பிக்கினா. அன்னிக்கு நான் டப்பாவை ரொப்பி வெச்சிட்டு குளிக்கப் போனப்ப அவ அந்த டப்பாவைத் தோட்டத்துல கொட்டிட்டாளாம். "மருமவளுக்குப் போய் அதையா அனுப்புவாங்க, நம்ம மானம் இன்னாத்துக்கு ஆவுறது"ன்னு, வெந்நீர்ல கழுவி, கேவுரு களியை உருட்டி வெச்சி மூடிட்டாளாம். மூணாம் நம்பர் குடல்ல நீ வெச்சிருக்கிறது எங்க வீட்டுக் களிம்மா. நாத்தம் எப்படி வரும்? அதுல மனுஷக் கிருமி ஒண்ணுகூட இல்லன்னு உன் கை நாலு தடவையும் சரியாத்தான் சொல்லியிருக்குது. மேடம்கிட்ட மொதல்ல இந்தப் பக்கத்தைக் காட்டு. நான் இனிமே டீயை வீட்லயே குடிச்சிக்கிறேன்.