மேற்படி சுவர் ஆராயப்பட்ட வரலாறு

மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் ஏராளமாக இருக்கிறது என்று அரசாங்கத்துக்கு ஒரு நாள் தோன்றியது. தோன்றியவுடன் மண் கட்டுமான ஆய்வு நிறுவனம் என்று ஒன்றைத் தொடங்கி, அதற்குக் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக ஏழு மாடிக் கட்டடம் எழுப்பிக் கொடுத்தது. அதையே மண்ணால் கட்டியிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு, ஆய்வு முடிவதற்குள் மண்ணால் கட்டுவது பொறுப்பற்ற செயல் என்று எழுத்து மூலம் பதில் வந்தது. கேட்டவர்களும் அது நியாயம்தானே என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அந்தக் கட்டடத்துக்குப் பின்தெருவில் ஒரு தையல்காரர் இருந்தார். அவருடைய வீடுதான் மண் வீடு. முப்பாட்டனார் மண்ணை மிதித்து, அடுக்கடுக்காக வைத்து எழுப்பிய தடித்த சுவர்கள். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அவரும் மனைவியும் வெளிச்சுவரை மண் குழைத்துப் பூசிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் தெருவில் யாராவது போனால் தையல்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவருக்கு அந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. ஆனால் அதில் இருப்பது மானக்கேடு என்றும் ஒரு நினைப்பு. அவருடைய மைத்துனன் சிமெண்டு வியாபாரி. வரும்போதெல்லாம் சுவரைத் தடவி, விரலை ஊதிவிட்டு, "மாமா, இன்னும் இதுக்குள்ளதான் குடித்தனமா?" என்று கேட்பான். அன்றைக்கு முழுவதும் தையல்காரருக்குத் தையல் கோணலாகவே விழும்.

ஒரு நாள் உச்சி வெயிலில் ஆய்வு நிறுவனத்தின் துணை இயக்குநர் அம்மையார் சட்டைக் கையைக் குறைத்துக்கொள்ள அந்த வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஏ.சி.யை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இல்லை என்றதும் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இது என்ன சுவர்?"

"மண்ணு மேடம். மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பா? நீங்க எதுக்குள்ள குடியிருக்கீங்கன்னு தெரியுமா? மரபுக்குள்ள."

தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே ஓடி மனைவியிடம் சொன்னார். மரபு என்றால் வீட்டு வரி ஏறுமா என்று அவள் கேட்டாள்.

மறுவாரமே, பெரிய ஆணிகளாகப் பார்த்து அடித்து, சுவரில் ஒரு பலகை மாட்டினார்கள். 'ஆய்வுக்குட்பட்ட வரலாற்றுச் சுவர். சாயாதீர்' என்று அதில் எழுதியிருந்தது. சுவரைச் சொன்னதா, மனிதரைச் சொன்னதா என்று யாரும் கேட்கவில்லை. தெருவே அவருக்கு வணக்கம் வைத்தது. மைத்துனன் விரலை ஊதுவதை நிறுத்திவிட்டான்.

பிறகு ஆராய்ச்சி ஆரம்பித்தது. ஓர் ஆய்வாளர் சுவரில் துளை போட்டு மாதிரி எடுத்தார். அடுத்தவர் அதே மாதிரியைப் பயன்படுத்தலாமே என்றால், அது அவருடைய ஆய்வாக ஆகாதாம். ஆகவே ஆளுக்கொரு துளை. ஒவ்வொரு துளைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் இன்னொரு துளை. கூரை விளிம்பு நீண்டு நிழல் விழுவதால் படம் சரியாக வரவில்லை என்று அதையும் அறுத்து எடுத்தார்கள்.

மழைக்காலம் நெருங்கியது. மனைவி வழக்கம்போல மண்ணைக் குழைத்து வைத்தாள். துணை இயக்குநர் பதறிப்போனார்.

"பூசவே கூடாது. சுவர் அதோட இயல்பான நிலையில இருக்கணும்."

"வருஷா வருஷம் பூசுறதாலதானே மேடம் நிக்குது?" என்றாள் மனைவி.

"அதைத்தானே ஆராய்ச்சி பண்றோம்? நீங்க பாட்டுக்குப் பூசிக்கிட்டே இருந்தா, அது எதனால நிக்குதுன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இதற்கு மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதிகாரிகள் முன்னால் மானத்தை வாங்காதே என்று தையல்காரர் அவளை அடக்கிவிட்டார். பலகை மாட்டிய வீட்டுக்காரர் சேற்றில் கால் வைத்தால் நன்றாகவா இருக்கும்? குழைத்த மண் முற்றத்திலேயே காய்ந்து போனது.

மழை வந்தது. துளைகள் எல்லாம் தண்ணீர் குடித்தன. இரண்டாம் நாள் மத்தியானம் சுவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பலகையோடு உட்கார்ந்துவிட்டது. பின்னாலேயே கூரையும் வந்தது. புருஷனும் மனைவியும் தையல் மெஷினை மட்டும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து தப்பினார்கள். தையல்காரர் மழையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அவர் அந்த வீட்டின் மேல் எவ்வளவு ஆசை வைத்திருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

நிறுவனம் அவசரக் கூட்டம் போட்டது. மேற்படி சுவர், விழும் வினாடி வரை நல்ல நிலையிலேயே இருந்தது என்றும், விழுந்ததற்குச் சுவரின் ஒத்துழையாமையே காரணம் என்றும் ஒருமனதாக முடிவாயிற்று. விழுந்த மண்ணையெல்லாம் ஆய்வுப் பொருள் என்று அள்ளிப்போய்க் கண்ணாடிச் சாடிகளில் அடைத்தார்கள். அதை வைத்துச் சுவரைத் திரும்ப எழுப்பிக்கொள்கிறேன் என்று தையல்காரர் கேட்டார். அதற்கென்று பிரிவு எதுவும் இல்லையாம். ஆனாலும் துணை இயக்குநர் இரக்கமுள்ளவர். அரசுச் செலவில் அதே இடத்தில் அதே மண் வீட்டைக் கட்டித் தருவதாகவும், அதில் அவர் ஆயுள் முழுவதும் இருக்கலாம் என்றும் எழுதிக் கொடுத்தார். அது மண் வீடாக இருக்கும் வரைதான் என்று ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது.

அரசுச் செலவில் கட்டுவதானால் அங்கீகரிக்கப்பட்ட பொருளால்தான் கட்ட வேண்டும். மண் இன்னும் ஆய்வில் இருந்தது. ஆகவே மண் வீட்டைச் சிமெண்டால் கட்டினார்கள். சிமெண்டு கொடுத்தவன் மைத்துனன். கட்டி முடித்து, 'தொல்மண்' என்ற பெயரில் பழுப்புச் சாயம் அடித்து, இரண்டு இடத்தில் வைக்கோல் ஒட்டி, ஜன்னல்களைக் கண்ணாடியால் அடைத்து, மறைவாக ஒரு ஏ.சி.யும் வைத்தார்கள். நாகரிகம் தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரே மாதத்தில் தெருவில் எல்லாச் சிமெண்டு வீடுகளும் தொல்மண் நிறத்துக்கு மாறிவிட்டன. வைக்கோலுக்குத் தட்டுப்பாடு வந்தது.

திறப்பு விழாவுக்குத் துறைத் தலைவர் வந்தார். உள்ளே நுழைந்து, மண் என்றால் மண்தான், என்ன குளிர்ச்சி என்று கண்ணை மூடினார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. கொஞ்ச நேரத்தில் வீடு சுண்ணாம்புக் காளவாய் ஆகிவிட்டது.

"மண் வீடுன்னா குளிர்ச்சியா இருக்கும்னு சொன்னாங்களே?" என்றார் துறைத் தலைவர், கழுத்தைத் துடைத்துக்கொண்டு.

"அது கேள்வி ஞானம் சார். இப்பத்தான் நேர்ல பரிசோதிச்சிருக்கோம்" என்ற துணை இயக்குநர், தையல்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க பரம்பரையா மண் வீட்டுல இருக்கிறவர். நீங்களே சொல்லுங்க. வேர்க்குதா, இல்லையா?"

இது மண் வீடே இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் வீடு போய்விடும். மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேர்க்குதுங்க" என்றார் தையல்காரர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மண் வீட்டின் முதன்மை இலக்கணம் வேர்வை என்று ஆய்வறிக்கை வெளியானது. வேர்வையால் அவதிப்படும் மண் வீட்டார் எல்லாருக்கும் இலவச ஏ.சி. என்று ஒரு திட்டமும் வந்தது. தொல்மண் தெருவே விண்ணப்பம் போட்டது. மைத்துனன் வீட்டுக்கு முதலில் கிடைத்தது. விண்ணப்பித்த வீடுகளுக்குள் நின்று வேர்வை பார்த்துச் சான்று சொல்ல அனுபவசாலி ஒருவர் தேவைப்பட்டார். தையல்காரரை விட்டால் வேறு யார்? சம்பளமும், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்தார்கள்.

அப்படி ஒரு நாள், கொளுத்தும் வெயிலில், ஊர்க்கோடியில் ஒரு சலவைக்காரர் வீட்டுக்குத் துணை இயக்குநரோடு போனார். இஸ்திரி போடும் கரி அடுப்பு வாசலில் கனன்றுகொண்டிருந்தது. உள்ளே போனதும் தையல்காரரின் உடம்பு தானாக ஒரு பெருமூச்சு விட்டது. தடித்த சுவர். புதுசாகப் பூசிய மண் வாசனை. உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினார். அழுகை வருகிற மாதிரி இருந்தது. எழுந்திருக்கவே மனமில்லை.

"ரொம்ப நேரமா இருக்கீங்க. வேர்த்துதா?" என்றார் துணை இயக்குநர்.

"இல்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சுத்தமா வேர்க்கலைங்க மேடம்" என்று எழுந்தார் தையல்காரர். கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டு, சலவைக்காரரின் முகத்தைப் பார்க்காமல் தீர்ப்பைச் சொன்னார். "இது மண் வீடு இல்ல."