வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கு வந்த மூன்று பெட்டிகள்

சாய்ந்தமருது,
2010.10.14

கத்தாரில் இருக்கும் மச்சான் ஜவாதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மனைவி மக்களும் சுகமாயிருக்க அல்லாஹ் அருள் புரியட்டும். இதற்கு மேல் நல்ல வார்த்தை எதையும் இந்தக் கடிதத்தில் தேடாதே.

நான் உன்னிடம் கேட்டது என்ன? உன் ராத்தா, என் பெண்சாதி கைருன்னிஸா, ஆறு வருசமாக என்னோடு இருந்து சோறு தின்னவில்லை. கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பெல்லாம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது வந்ததும் நான் எங்கள் பாட்டு இருக்கிற அந்த றெக்கோட்டை ஊசி வைத்துப் போடுவேன். அவளும் நானும் மகள் நிஹ்லாவும் ஒரே பாயில் இருந்து சாப்பிடுவோம். கடல் மகளைக் கொண்டுபோனது. என் ஒலிபெருக்கிக் கடையையும் நானூறு றெக்கோட்டையும் கொண்டுபோனது. இப்போது உன் ராத்தா தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுகிறாள். அந்தப் பாட்டை எங்காவது தேடி அனுப்பு, கேட்டால் வந்து இருப்பாள் என்று எழுதினேன். அவ்வளவுதான்.

நீ பாட்டைத் தேடிப் பிடித்து, லப்டொப்பும் சேர்த்து அனுப்பினாய். அல்லாஹ் பொருந்திக்கொள்வான். போட்டேன். "இது நம்மட பாட்டில்ல" என்று ராத்தா குசினிக்குள் இருந்தே சொன்னாள். அதை உனக்கு போனில் சொன்னேனே, அதுதான் நான் செய்த பிழை.

அன்றைக்கே நீ பேராசிரியராகிவிட்டாய். கொம்பியூட்டரில் இலக்கமாகக் கிடக்கிற பாட்டைச் சத்தமாக மாற்ற ஒரு தனிப் பெட்டி வேண்டுமாம், பெட்டி நல்லதாக அமைந்தால் றெக்கோட்டின் இதமான சத்தம் அப்படியே வருமாம். முதல் பெட்டி வந்தது. பாடகர் மூச்சு வாங்குவதும் தபேலாக்காரர் கதிரையில் அசைவதும் கேட்டது. "பாடுறவருக்குச் சளி புடிச்சிரிக்கி, நிப்பாட்டுங்க" என்றாள் ராத்தா. அது குளிர்ந்த சத்தம், எரிகிற கண்ணாடிக் குமிழ் மாதிரி வால்வு வைத்த பெட்டிதான் சரி என்று நீ இரண்டாவதை அனுப்பி, வால்வு என்றால் என்ன என்று நாலு பக்கம் விளக்கமும் எழுதினாய். ஆருக்கு? முப்பது வருசம் வால்வு அம்பிளிபயரை மாட்டுவண்டியில் ஏற்றிச் சாகாமம் வரைக்கும் கலியாண வீடுகளுக்குக் கொண்டுபோன எனக்கு! நீ அரைக்காற்சட்டையோடு வந்து அதைத் தொட்டு, ஷொக் அடித்து அழுதது எனக்கு மறக்கல்ல. அந்தப் பெட்டியின் சூட்டுக்கு அடுத்த வீட்டு முனவ்வறாவின் பூனை வந்து பக்கத்திலேயே குட்டி போட்டுவிட்டது. பாட்டைப் போட்டால் என்னைப் பார்த்துச் சீறுகிறது.

அதுக்கு மறுகா, கல்முனையில் ரேடியோ திருத்துகிற, என்னை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுகிற நல்லரெத்தினம் வந்தான். "காக்கா, பெட்டியில பிழையில்ல, வயர்லதான் பிழை" என்று சுவரைத் துளைத்தான். இது சுனாமி வீட்டுத் திட்டத்துச் சுவர். இங்கே ஆணி அடித்தால் அங்கே முனவ்வறாவின் மணிக்கூடு விழும். விழுந்தது. அவள் கத்தின கத்து பள்ளிவாசலுக்குக் கேட்டிருக்கும். அதற்குள் உன் மூன்றாவது பெட்டியும் வந்து சேர்ந்தது, றெக்கோட்டின் கரகரப்பைத் தானே சேர்க்கிற வித்தையும் அதோடு வந்தது. போட்டேன். "என்னமோ பொரியிற சத்தம் கேக்குது, கரண்டை நிப்பாட்டுங்க" என்று ராத்தா வாளித் தண்ணியோடு ஓடி வந்தாள்.

நாட்டில் சண்டை முடிந்ததும் எனக்குத்தான் வினையாகப் போயிற்று. முந்தியென்றால் இப்படி வயர் தொங்குகிற பெட்டியைச் சோதனைச் சாவடியில் பிடித்து வைத்திருப்பார்கள், நான் நிம்மதியாக இருந்திருப்பேன். இப்போது எல்லாம் வீட்டு வாசலுக்கே வருகிறது. போதும் ஜவாத். மூன்று பெட்டியையும் கட்டி அனுப்புகிறேன். நாலாவது வந்தால் கடலில் எறிவேன், அதற்கும் கொஞ்சம் பாட்டு இருக்கட்டும். டிசம்பரில் லீவில் வந்தால் உன் ராத்தாவைப் பார், என்னைப் பார்க்க வராதே.

பிள்ளைகளுக்குச் சலாம் சொல். உனக்குச் சலாம் சொல்லாமல் விட்டால் குற்றம் என்பதால் உனக்கும்.

இப்படிக்கு,
முகம்மது தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஜும்ஆ முடிந்து வந்து, பெட்டிகளைக் கழற்றுமுன் கடைசியாக ஒரு தரம் போட்டேன். பாதிப் பாட்டில் ராத்தா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அந்த இடம் எங்க?"

"எந்த இடம்?"

"புள்ள கீறின இடம். மூணு தரம் சொன்னதையே சொல்லித்தானே அங்கால போகும்?"

நிஹ்லா நாலு வயதில் ஊசியைப் பிடித்து இழுத்து அந்த றெக்கோட்டைக் கீறிவிட்டாள். அதற்காக அவளுக்கு இரண்டு அடி போட்டவன் நான். அதை மறந்துபோனவனும் நான்தான். இவ்வளவு நாளும் நீயும் நானும் பெட்டியைப் பற்றிக் கதைத்தோம், என்ன குறைகிறது என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வரி வந்ததும் பாட்டைப் பின்னுக்கு இழுத்து மூன்று தரம் போட்டேன். உன் ராத்தா தட்டோடு வந்து பாயில் இருந்தாள். அழுதாள். சோறு தின்றாள். சோற்றில் இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றச் சொல்லி, தின்று முடியுமட்டும் அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் போட வைத்தாள்.

ஆகையால் பெட்டி ஒன்றும் திரும்பி வராது, எந்தப் பெட்டியானாலும் சரிதான். நீ டிசம்பரில் கட்டாயம் வா. அதற்கு முன் அந்த வரி மூன்று தரம் வரும்படி நீயே வெட்டி ஒட்டி அனுப்பு. எனக்குக் கணக்குத் தப்புது மச்சான், சில நேரம் நாலாந்தரமும் போய்விடுகிறது. அப்ப உன்ட ராத்தா சாப்பிடுறத நிப்பாட்டிட்டு என்னப் பாக்கிறா.