விசில் டீச்சர் வீட்டு ஜன்னலில் இரண்டு கால்கள்

ஆடிக் காற்றோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவர் என்று நாமக்கல் மாவட்டத்திலேயே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவர் விசில் டீச்சர். கல்யாணப் பந்தல்களையும் கட்சி பேனர்களையும் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிற காற்று அது. டீச்சர் அதை ஜவ்வரிசிக் கஞ்சியை வைத்து மடக்கினார்.

புதுச்சத்திரத்தில், சேலம் ரோட்டைப் பார்த்த ஒரு லைன் வீட்டில் அப்போது நான் தனியாகக் குடியிருந்தேன். கோழித்தீவனக் கம்பெனியில் கணக்கு வேலை. பக்கத்துப் போர்ஷனுக்கு டீச்சர் வந்தார். சூரமங்கலத்துக்காரர், தனியார் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சர், ஐம்பதை நெருங்கியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுகூட கழுத்தில் சிலுவைச் செயினோடு விசிலும் தொங்கும். அவருக்கு வீசிங் உண்டு. புழுதி ஆகவே ஆகாது. அதற்குப் பயந்து வீடு வீடாக மாறியவர், இந்த வீட்டோடு ஓட்டத்தை நிறுத்திக்கொள்வதென்று முடிவு செய்து வந்திருந்தார்.

வீடு அதற்குச் சம்மதிப்பதாக இல்லை. மேற்கு ஜன்னல்களின் கண்ணாடி பதித்த மரக்கதவுகள் வெயிலில் முறுக்கிக்கொண்டு, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றன. இடுக்கில் விரல் நுழையும். லாரி ஒன்று போனால் அதன் புழுதியில் பாதி எங்கள் வீட்டில் இறங்கிக்கொள்ளும். இதை யாரிடமும் கேட்கவில்லையா என்றார் டீச்சர். பழகிவிட்டது என்றேன். வயிற்றுவலி என்று சொல்லி டிரில்லுக்கு மட்டம் போடும் பையனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

நேராக ஊட்டுக்காரம்மாவிடம் போனார். எங்கள் வீட்டு ஓனரை ஊரே அப்படித்தான் கூப்பிடும். அவர் கணவர் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே எங்கேயோ இருப்பார், பொங்கலுக்குத்தான் வருவார். வாடகை, சண்டை, ஆடு எல்லாம் அம்மா பொறுப்பு.

“ஏனுங்க டீச்சர், காத்து வரத்தானுங்க சன்னலு வெக்கறது? காத்தே வேண்டாம்னா செவுரு வெச்சிருப்போமல்லங்க?”

அதோடு விடவில்லை. ஆணி அடிக்கக்கூடாது, சிமெண்டு பூசக்கூடாது, கறை பிடிக்கிற பசை எதுவும் ஒட்டக்கூடாது என்று வரிசையாகச் சொன்னார். டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆட்டத்தின் விதிகளைச் சொல்லியாகிவிட்டது, இனி இறங்க வேண்டியதுதான் என்கிற சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

முதலில் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு ஜன்னல் ஓரமாக மெல்ல நகர்த்தினார். புகை எங்கே கலைகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. ரோட்டில் போனவர்கள், டீச்சரம்மா வேதத்தை விட்டுவிட்டு ஜன்னலைக் கும்பிட ஆரம்பித்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அடுத்து ஜவ்வரிசியைக் குழையக் காய்ச்சி, பழைய பேப்பரைப் பட்டை பட்டையாகக் கிழித்து, இடுக்குகளின் மேல் வெளிப்பக்கமாக ஒட்டினார். மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் பட்டைகளைக் காணோம். ஊட்டுக்காரம்மாவின் ஆடு ஜன்னல் திண்டில் முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசிப் பட்டையை மென்றுகொண்டிருந்தது. டீச்சர் அசரவில்லை. அடுத்த கஞ்சியில் வேப்பிலையை அரைத்துக் கலந்து, இந்த முறை உள்ளும் வெளியுமாக ஒட்டினார். ஆடு ஒரு வாய் வைத்துவிட்டு அந்தப் பக்கமே வராமல் போனது. வீசிய நாற்றத்தில் நானும் பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன்.

மிச்சமிருந்தது கீழ் இடுக்கு. அது அகலமானது, பேப்பர் நிற்கவில்லை. டீச்சர் தன் பழைய டிராக் பேன்டின் இரண்டு கால்களையும் வெட்டி, மணலைத் திணித்து, கொட்டாமலிருக்க முனையில் சாக்ஸை வைத்துத் தைத்து, ஜன்னலின் உள்திண்டில் கண்ணாடியை ஒட்டிப் படுக்க வைத்தார். புழுதி அதோடு நின்றது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ரோட்டிலிருந்து பார்த்தால், சாக்ஸ் போட்ட ஒரு ஆம்பளை ஜன்னலோரம் காலை நீட்டிப் படுத்திருப்பது போலவே இருக்கும். எதிர் டீக்கடையில் செய்தி கொதித்தது. முதலில் எல்லோரும் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். ஒரு வாரம் போனதும் கவலை திசை மாறியது. எந்நேரமும் படுத்தே கிடக்கிறானே, வேலைவெட்டிக்கே போகமாட்டானா?

ஒரு சாயங்காலம் ஊட்டுக்காரம்மா வந்துவிட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

“ஒத்தப் பொம்பளன்னு நம்பித்தானுங்க ஊடு குடுத்தேன். உள்ள ஆரு இருக்கறது?”

ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். டீச்சருக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இருக்காருங்க. தூங்கறாரு. போய் எழுப்பிக்குங்க.”

ஊட்டுக்காரம்மா விடுவிடுவென்று உள்ளே போய் ஒரு காலைப் பிடித்து இழுத்தார். சாக்ஸ் கையோடு வந்தது. மணல் அத்தனையும் அவர் சேலையில் கொட்டியது. நான் சிரிக்கவில்லை, சிரித்தால் இரண்டு பேரிடமும் அடி வாங்கியிருப்பேன்.

அவமானம் கோபமாக மாறியது. இந்த மாதத்தோடு காலி செய்துகொள்ளுங்கள் என்றார். தனியாக இருக்கும் பெண்ணுக்கு அடுத்த வீடு கிடைப்பது எவ்வளவு பாடு என்பது அந்த அறையிலிருந்த மூவருக்கும் தெரியும். டீச்சர் ஈரத்துணியை எடுத்து ஜன்னலில் ஒரு பட்டையைத் துடைத்தார். பேப்பர் உரிந்து வந்தது. அடியில் மரம் கறையில்லாமல் இருந்தது.

“ஒரு ஆணி காட்டுங்க, ஒரு கறை காட்டுங்க, நாளைக்கே போறேன். இல்லைன்னா நான் போகமாட்டேன். மூச்சு விடறதுக்குத்தானே வாடகை குடுக்கறேன்?”

பதில் சொல்ல ஊட்டுக்காரம்மா வாயைத் திறந்தபோது அவர் போன் அடித்தது. ரிக்கிலிருந்து கணவர். “கேக்குதுங்களா?” என்று ஊட்டுக்காரம்மா வழக்கம்போலக் கத்தினார். வெளியே காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. அந்தம்மா வீட்டில் காற்றடிக்கும்போது பேசினால் கத்தியும் பாதிதான் கேட்கும். ஒரு கால் போயும், இடுக்கடைத்த இந்த அறையில் மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது. அம்மாவின் குரல் தானாகத் தணிந்தது. அப்படியே மணல்மேல் உட்கார்ந்துவிட்டார். சாப்பிட்டீர்களா, முதுகுவலி எப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். டீச்சர் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து கதவைச் சாத்தினார். இருவரும் புழுதியில் நின்றோம். டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனால் உள்ளே போகவில்லை.

வெகுநேரம் கழித்து வந்த ஊட்டுக்காரம்மா எங்கள் இருவரையும் பார்க்காமல், “நம்மூட்டு சன்னலையும் ஒருக்கா பாத்துடுங்க டீச்சர்” என்றார்.

“மொதல்ல ஆட்டைக் கட்டிப்போடுங்க” என்றார் டீச்சர். காலி செய்கிற பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் என்னை எருமப்பட்டிக்கு மாற்றினார்கள். குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு டீச்சர் பஸ் ஏறி வந்து நின்றார், கையில் கஞ்சித் தூக்கோடும் பேப்பர் கட்டோடும். நான் கூப்பிடவில்லை. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஒவ்வொரு ஜன்னலாக ஒட்டி முடித்தார். நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு இது ரசமே இல்லை என்றார். பஸ் படியில் ஏறி நின்றுகொண்டு, “ராத்திரி நல்லாத் தூங்கணும், தெரியுதா?” என்று அதட்டினார்.

என் தூக்கத்தைப் பற்றி அதற்கு முன்பு யாரும் எனக்கு உத்தரவு போட்டதில்லை. அன்று கீழ்ப்படிந்தேன்.