காயச் சான்று இணைக்கவும்

பைக் ஓட்டுகிற குடிமக்களின் உடம்பைப் பற்றி அரசுக்குத் திடீரென்று கவலை வந்தது. உடனே நாகர்கோவிலில் ஒரு மாடியைப் பிடித்து ‘இருசக்கர உடற்காப்பு உடை அங்கீகாரப் பிரிவு’ என்று போர்டு மாட்டினார்கள். அதற்குக் கீழேதான் என் ஜெராக்ஸ் கடை. அந்த போர்டால் முதலில் பிழைத்த குடிமகன் நான்தான், மறைக்க என்ன இருக்கிறது?

முதலில் மாட்டிக்கொண்டவன் ரெனிஷ். இராஜாக்கமங்கலத்துக்காரன். ஆரல்வாய்மொழியில் காற்றாலை ரிப்பேர் பார்க்கிறான். அவன் ஷிஃப்டுக்குப் பஸ் கிடையாது, பைக்தான். அங்கீகாரம் பெற்ற ஜாக்கெட் இல்லாமல் பைக்கில் வந்தால் கேட் திறக்காது, மாதக் கடைசிக்குள் வாங்காவிட்டால் வேலையும் கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது.

ஊர்ப் பையன்களைப் பார்த்து அவனும் ஆன்லைனில் ஒன்று வாங்கினான். நெஞ்சில் பளபளவென்று அங்கீகார முத்திரை. நம் பையன்கள் இதைத்தான் கழுத்துவரை ஜிப்பு ஏற்றி, காலில் ரப்பர் செருப்போடு, பெட்ரோல் பங்க் வரை போய் வீடியோ எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். ரெனிஷின் மனைவி ஜெனிலா தையல்காரி. சும்மா இருப்பாளா? முழங்கையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே மீன்பெட்டித் தெர்மாகோல்.

“சவத்தத் தூரப் போடுங்க. நாலு சாளை மீன வச்சா ஐஸாவது உருகாம இருக்கும்.”

அவளே தைத்தாள். லாரித் தார்ப்பாய்த் துணி; தோளுக்கும் முழங்கைக்கும் ரப்பர் ஷீட்; முதுகுக்கு வலையில் கட்டும் மிதவையைச் சீவி அடுக்கினாள். போட்டால் ஆள் கொஞ்சம் மீன்பிடி வள்ளம் மாதிரி தெரிவான், அது உண்மைதான்.

“அந்த முத்திரைய வெட்டி இதுல வச்சுத் தச்சிரு, சோலி முடிஞ்சுது” என்று நான் நல்லபுத்தி சொன்னேன்.

“எனக்க தையலுக்கு அவனுக்க பேரா அண்ணே? எனக்க பேருலயே முத்திரை வாங்குவேன்” என்று முறைத்தாள்.

இரண்டு பேரும் மாடியேறினார்கள். அங்கீகார அதிகாரி குமாரதாஸ் ஜாக்கெட்டைத் தட்டினார், கிள்ளினார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

“சொந்தத் தயாரிப்புன்னா விழுந்து சோதிச்ச ஆதாரம் வேணும்.”

“விழுந்தாச்சு சார்” என்றான் ரெனிஷ். “போன வாரம் ஆரல்வாய்மொழியில காத்து தூக்கிப் போட்டுது. உருண்டேன். ஒண்ணும் ஆவல.”

“காயச் சான்று?”

“காயமே இல்லியே சார்.”

“காயம் இல்லன்னா விழுந்ததுக்கு என்ன ஆதாரம்? மேற்படி நபர் மேற்படி சட்டையோடு மேற்படி ரோட்டைத் தொட்டார்னு ரோடா வந்து சாட்சி சொல்லும்?”

“சட்டை காப்பாத்திட்டுது சார்!”

“எதுலேருந்து? காயத்துலேருந்து. சரி, அந்தக் காயத்தைக் காட்டும்.”

ரெனிஷ் டாக்டரிடம் ஓடினான். காயமில்லாதவனுக்குக் காயச் சான்று கொடுக்க அவருக்கு என்ன கிறுக்கா? துரத்திவிட்டார். அவன் மாடிக்குத் திரும்பி வந்தபோது, ஆன்லைன் ஜாக்கெட்டோடு விழுந்து கையை ஒடித்துக்கொண்ட ஸ்டெனி என்ற பையன் புகார் கொடுக்க நின்றுகொண்டிருந்தான். குமாரதாஸ் அவன் மாவுக்கட்டைப் பாசத்தோடு தடவினார்.

“பாத்தீரா ரெனிஷ்? இதுதான் முறையா சோதிக்கப்பட்ட ஜாக்கெட்.”

மாதக் கடைசியும் வந்தது. ரெனிஷும் ஜெனிலாவும் கடைசியாக ஒருமுறை மாடியேறினார்கள். குமாரதாஸ் ஜாக்கெட்டைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார், மறுபடி பார்த்தார், மறுபடி உதட்டைப் பிதுக்கினார். வேலை போயிற்று என்ற நினைப்பில் ரெனிஷ் படியைப் பார்க்காமல் இறங்கினான். உடற்காப்புப் பிரிவின் படியில் டைல்ஸ் பெயர்ந்து கிடந்தது. உருண்டு வந்து என் கடை வாசலில் விழுந்தான். முழங்கையில் ரத்தம்.

“எம் மாதாவே!” என்று அலறிக்கொண்டு ஜெனிலா ஓடி வந்தாள். பின்னாலேயே குமாரதாஸ். ரத்தத்தைப் பார்த்ததும் மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது.

“காயம் வந்தாச்சு! சான்று வாங்கிட்டு வாரும், இன்னைக்கே கையெழுத்துப் போடுதேன்.”

“சட்டை உங்க மேசையிலல்லா சார் கெடக்கு!” என்றாள் ஜெனிலா.

“அதான் சட்டைக்கு ஒரு சேதமும் இல்ல. உறுதியான தயாரிப்புன்னு எழுதிருதேன்.”

அன்று சாயங்காலமே ஜெனிலா பேரில் அங்கீகாரம் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட மாதிரியை அலுவலகத்திலேயே சீல் வைத்துப் பாதுகாக்க வேண்டுமாம். ஜாக்கெட் பீரோவுக்குள் போயிற்று. மறுநாள் ரெனிஷ் வெறும் பருத்திச் சட்டையில் போய், நான் லேமினேட் செய்து கொடுத்த அங்கீகாரத்தைக் காட்டினான். கேட் திறந்தது, வேலை தப்பியது. ஜெனிலா விடாமல் அதேமாதிரி இன்னொன்று தைத்துப் போட்டு அனுப்பினாள். காவலாளி மறித்துவிட்டார். “அங்கீகாரம் உள்ளது ஆபீஸ்ல இருக்கு. இது வேறல்லா? கழற்றிட்டுப் போ மக்கா.”

சேதி ஊரெல்லாம் பரவியது. கூட்டம் ஜெனிலா வீட்டுக்குப் போகவில்லை, என் கடைக்குத்தான் வந்தது. “சட்டை வேண்டாம், வேர்க்கும், ஸ்டைலாவும் இல்ல. காயிதம் ஒரு காப்பி போதும்.” மடப்பயலுவ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தேன். எனக்கும் ஒன்று எடுத்து, லேமினேட் செய்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

நேற்று ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று என்னையும் பைக்கோடு தள்ளிவிட்டது. முழங்கை, முட்டி, தோள் எல்லாம் தோல் உரிந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த ஜெனிலா, “சட்டை எங்க அண்ணே?” என்று கேட்டாள்.

பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினேன். ஒரு கீறல் இல்லை. லேமினேஷன் நம்ம கடையில் போட்டதல்லவா!