சுர்ருண்ணன் துப்பாத ஒரு வாய்

கொல்லிமலையில் சுர்ருண்ணன் வாயில் வைத்துத் துப்பாத பொருள் எதுவும் கிடையாது. காப்பி, மிளகுக் கசாயம், மலைத்தேன், கல்யாண வீட்டு ரசம் எல்லாம் அவர் நாக்கு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தவைதான். ஒரு தடவை கோயில் தீர்த்தத்தையும் பழக்க தோஷத்தில் உறிஞ்சித் துப்பிவிட்டு, "துளசி நேத்துப் பறிச்சதுங்க" என்று பூசாரியிடமே சொன்னார். பரிகாரமாகப் பதினொரு தேங்காய் உடைக்க வேண்டியதாயிற்று. அந்தத் தேங்காய்த் தண்ணீரையும் ருசி பார்த்துத் துப்பினார் என்று சொல்வார்கள். அதை நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் ஒரு காப்பி, மிளகு மண்டியில் ருசி பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். மலைக்காரர்கள் மூட்டை கொண்டுவந்தால், ஒரு பிடி கொட்டையை வறுத்து, இடித்து, வெந்நீர் ஊற்றி, கரண்டியில் மொண்டு 'சுர்ர்ர்' என்று உறிஞ்சுவார். வாயில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பக்கத்தில் இருக்கும் போசிப் பாத்திரத்தில் துப்புவார். பிறகு, "மழைக்கு நனைஞ்ச கொட்டைங்க, அடுப்பு மேல வெச்சுக் காய வெச்சிருக்காங்க" என்பார். மூட்டைக்காரர் தலையைச் சொறிவார். அந்தச் 'சுர்ர்ர்' சத்தமே அவருக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

மண்டியின் சுவரை ஒட்டி இருந்த அரசாங்க அலுவலகத்தில் நான் எழுத்தர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, பஸ் டயரில் காற்று இறங்குகிறது என்று வெளியே ஓடி வந்தேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது கேட்காமல் என்னவோ போலிருக்கும்.

டீக்கடையில் ஒரு நாள் என்னோடு நின்றிருந்த சுர்ருண்ணன், ஒரு வாய் உறிஞ்சி, தெருவோரம் துப்பிவிட்டு, "ஏனுங்க, இன்னிக்கு எந்தச் சுனைத் தண்ணி?" என்றார்.

"எப்பவும் எடுக்கிறதுதாங்க."

"இல்லீங்க. இதுல தவளை இருக்குது."

கடைக்காரர் சண்டைக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் குடத்தைக் கவிழ்த்தார். உள்ளே சுண்டுவிரல் அளவுக்கு ஒரு தவளைக் குஞ்சு உட்கார்ந்திருந்தது. அன்று மலை பூராவும் டீ வியாபாரம் படுத்துவிட்டது.

இந்தப் பழக்கத்தால் அவருக்கு நட்டமும் உண்டு. இருமலுக்கு டாக்டர் கொடுத்த மருந்தையும் ருசி பார்த்துத் துப்பிக்கொண்டிருந்தார். "அதிமதுரம் பத்தலை" என்று டாக்டரிடமே குறை சொன்னார். அந்த இருமல் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தது.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, ஒரு தை மாதம். மண்டி முதலாளியின் மகன் அமெரிக்காவிலிருந்து வந்தான். முதலாளிக்கு ஊர் கீழே காளப்பநாயக்கன்பட்டி. மகன் மண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல வாய வெச்சா தரம் பாக்கிறது? எந்திரம் ஒண்ணு வாங்கிப் போட்ரலாம்ப்பா" என்றான். முதலாளி நெளிந்தார். இருபது வருட ஆளை எப்படிப் போகச் சொல்வது?

மகனே ஒரு வழி சொன்னான். அவன் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தான். கருப்பு பீர். ஒரு காலத்தில் அரச குடும்பத்துக்கென்று கனமாகக் காய்ச்சிய வகையாம். அதில் காப்பியைச் சேர்த்து மரப்பீப்பாயில் கிடத்திப் பதப்படுத்தியது. வருடத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் பாட்டில்தான் போடுவார்களாம், விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்கினானாம். மலையேறும்போது காரில் அதை மடியிலேயே வைத்திருந்தான். முப்பதாவது வளைவில் வாந்தி வந்தபோதும் பாட்டிலை அப்பா கையில் கொடுத்துவிட்டுத்தான் தலையை வெளியே நீட்டினான்.

"இதுல என்னென்ன இருக்குதுன்னு சொல்லிட்டாருன்னா, நான் எந்திரப் பேச்சே எடுக்கமாட்டேன்" என்றான்.

சுர்ருண்ணன் அதைக் கேட்டதும் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவி பாப்பாத்தியக்காவின் அப்பா குடியால் செத்தவர். அதனால் தாலிக்குக் கழுத்தை நீட்டும் முன்பே அக்கா அவரிடம் வாக்கு வாங்கியிருந்தார். குடிவகை ஒரு சொட்டுக்கூடத் தொண்டைக்குக் கீழே இறங்கக் கூடாது.

"தொண்டைக்குக் கீழதானே எறங்கக்கூடாது, பாப்பாத்தி? நான் நாக்கோட நிறுத்திக்கிறேன்" என்று கெஞ்சினார். பஞ்சாயத்துக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தார்.

"நிறுத்துவீங்களா?"

"இருவது வருசமாக் காப்பியவே முழுங்கினதில்ல."

அக்கா யோசித்தார். "சரி. போசிய நான் புடிச்சுக்கிறேன்."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மண்டியில் நிற்க இடமில்லை. மகன் ஐஸ் பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்தான். சுர்ருண்ணன் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நேரம் வெயில்ல வையிங்க சாமி. குளுந்து கெடந்தா அது வாயத் தொறக்காது" என்றார். மகன் முகம் மாறியது. பாட்டிலின் மேலும் அப்படித்தான் எழுதியிருந்ததாம்.

வெயிலில் கால் மணி நேரம் வைத்துவிட்டு ஊற்றினார்கள். கன்னங்கரேலென்று இறங்கியது. "இது வண்டிக்கு ஊத்துறதுங்களா?" என்று லாரி டிரைவர் ஒருவர் கேட்டார்.

சுர்ர்ர். சுற்றினார். அக்கா நீட்டிய போசியில் துப்பினார். "காப்பி இருக்குது. ஆனாக் கொதிக்க வெக்கலை. பச்சைத் தண்ணியில ஊறப்போட்டு எறக்கினது."

மகன் பாட்டிலைப் பார்த்துத் தலையாட்டினான்.

இரண்டாவது வாய், துப்பல். "தானியத்த மொளை கட்டிக் கருக்கியிருக்காங்க. நம்ம ராகிய மொளை கட்டி வறுத்தா வர்ற வாசம்."

மூன்றாவது வாய், துப்பல். கண்ணை மூடிக்கொண்டார். "மரம். உள்பக்கம் தீயில சுட்ட மரம். அதுல இதுக்கு முன்னால வேற ஒரு சாராயம் குடியிருந்திருக்குது. அது காலி பண்ணிட்டுப் போயும் வாசம் போகலைங்க."

மகன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "விஸ்கி இருந்த பீப்பாய்ப்பா" என்றான் அப்பாவிடம். பிறகு எழுந்து, "கடைசியா ஒண்ணு. எத்தனை நாள் பீப்பாயில இருந்துச்சு?" என்றான்.

நாலாவது வாய். சுர்ர்ர். சுற்றினார். அக்கா போசியை நீட்டினார். அவர் துப்பவில்லை. நாங்கள் எல்லோரும் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மெதுவாக ஒரு தடவை ஏறி இறங்கியது.

"ஒரு வருசம் தாண்டியிருக்கும்" என்றார் தணிந்த குரலில். அதுவும் சரி. யாரும் கைதட்டவில்லை.

"தெரியாம எறங்கிருச்சுங்களா?" என்று அக்கா கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். முதலாளி கண்ணைக் காட்டினார். நான் சுர்ருண்ணன் காலையே மிதித்தேன்.

"தெரிஞ்சுதான், பாப்பாத்தி. துப்ப மனசு வரலை."

அக்கா போசியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். "அண்ணா, எந்திரமெல்லாம் வேண்டாம், நீங்களே இருங்க" என்று மகன் சொன்னது சுர்ருண்ணன் காதில் விழவேயில்லை.

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை, காப்பியுமில்லை. மண்டியில் அவர் உறிஞ்சினார், துப்பினார், "ஒண்ணும் தெரியலைங்க. காப்பியும் வெந்நியும் ஒண்ணாட்டம் இருக்குது" என்றார். மூட்டைகள் தேங்கி நின்றன. ஜெயித்த ஆளின் நாக்கு போய்விட்டதே என்று முதலாளி தலையில் கைவைத்தார்.

நாலாம் நாள் சாயங்காலம் அக்காவே மண்டிக்கு வந்தார். "அந்தக் கருமத்துல மிச்சம் இருக்குதுங்களா?"

வாயில் துணி அடைத்து வைத்திருந்த பாட்டிலை மகன் எடுத்து வந்தான். அக்கா ஒரு டம்ளரில் இரண்டு விரல் அளவு வாங்கி, ஒரே மடக்கில் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. வாய்க்குள் நாக்கைச் சுழற்றிப் பார்த்தார்.

"கசப்புத்தான். ஆனா எல்லாம் போனதுக்கு அப்புறம் ஒரு இனிப்பு வருது. அதுக்குத்தான் முழுங்கினீங்களா?"

"ஆமா."

"எங்கப்பன் சாகிற வரைக்கும் ஒரு நாளும் குடிச்சேன்னு ஒத்துக்கிட்டதில்ல. நீங்க அத்தனை பேர் முன்னால ஒத்துக்கிட்டீங்க. கோவம் இன்னும் இருக்குது, அது வேற. ஊட்டுக்கு வாங்க."

இரண்டு பேரும் சரிவில் ஏறிப் போனார்கள். அக்கா முன்னால், அவர் இரண்டடி பின்னால். "அந்த இனிப்பு நுனிநாக்குல வந்துச்சா, கடைநாக்குல வந்துச்சா?" என்று அவர் கேட்பதும், "பேசாம வாங்க" என்று அக்கா சொல்வதும் என் காதில் விழுந்தன. பத்தடி போனதும், "கடைநாக்குல" என்று அக்காவின் குரல் கேட்டது. மணி ஆறு ஆகியும் நான் அலுவலகத்தைப் பூட்டவில்லை. திருப்பத்தில் அவர்கள் மறையும் வரை வாசலிலேயே நின்றிருந்தேன்.