லேசானந்தரின் இரண்டு தராசுகள்

சென்னீர்குப்பத்துக் கல்யாண மண்டபத்தில் ஞாயிறுதோறும் கல்யாணமே இல்லாமல் கூட்டம் சேர்ந்தது. வேப்பம்பட்டிலிருந்து ரயில் ஏறி வந்தார்கள். காட்டுப்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்தார்கள். எல்லோரும் பருமனானவர்கள். லேசானந்த சுவாமிகள் மயிலிறகால் ஒரு தரம் வருடினால் நாலு கிலோ இறங்கிவிடுமாம்!

சோற்றைக் குறைக்க வேண்டாம். நடக்க வேண்டாம். ஊர்க்கண்தான் உடம்பில் சதையாகப் படிகிறதாம். அப்படியானால் சுவாமிக்கே தொந்தி மடியில் கிடக்கிறதே என்று கேட்பீர்கள். பக்தர்கள் இறக்கியதையெல்லாம் அவர்தான் தாங்கிக்கொள்கிறாராம். என்ன தியாகம்! உண்மையில் லேசானது பக்தர்களின் பர்ஸ் மட்டும்தான்.

அம்பத்தூர் துணிக் கம்பெனியில் தைப்பவள் சாமுண்டீஸ்வரி. அவள் பார்க்காத டயட் இல்லை. காலையில் வெந்நீரில் தேன், மத்தியானம் பட்டினி, ராத்திரி கொள்ளு ரசம். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த பரோட்டா மட்டும் கணக்கில் வராது. வீணாக்கக் கூடாதே!

ஒருநாள் ஷேர் ஆட்டோக்காரன், "யக்கா, உனுக்கு ரெண்டு சீட்டு" என்றான். வண்டியே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த வாரமே லேசானந்தரிடம் போனாள்.

மண்டப வாசலில் ஓர் எடை மெஷின். அது 'பாவ எடை'. சுவாமி வருடிய பின் பின்வாசலில் இன்னொரு மெஷின். அது 'புண்ணிய எடை'. வாராவாரம் நாலு கிலோ இறங்கியது. மறுவாரம் ஏறியிருந்தால் பழி ஊர்க்கண் மேல். வெளியே வேறு மெஷினில் ஏறினால் இறங்கிய பாரம் இரண்டு பங்காகத் திரும்பும் என்று மிரட்டல் வேறு.

கம்பெனியில் பக்கத்துத் தையல் மெஷினில் தைக்கும் யுவராணியும் பருமன்தான். வாய் மட்டும் கத்தி.

"இன்னாக்கா, பன்னெண்டு கிலோ எறங்கிச்சுன்றே. ஜாக்கெட்டுக்கு யாரும் சேதி சொல்லலியா? அதே கொக்கிய இஸ்து இஸ்து மாட்டிகினு கீறே!"

"உனுக்கு நம்பிக்க இல்ல. அதான் நீ அப்டியே கீறே."

சாமுண்டீஸ்வரி தினமும் போடும் சர்க்கரை நோய் மாத்திரையும் பாரம்தான் என்றார் லேசானந்தர். அவள் நிறுத்தினாள். சில வாரத்தில் தையல் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது யுவராணி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிண்டல் செய்யவில்லை.

"யக்கா, ஒரே ஒரு வாட்டி நான் சொல்றத கேளேன்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரு அரிசி மூட்டையை ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிவந்து வாசல் மெஷினில் போட்டார்கள். தையல் பிரிக்காத மூட்டை. மேலே இருபத்தைந்து கிலோ என்று அச்சடித்திருந்தது. மெஷின் இருபத்தொன்பது என்றது.

சுவாமியின் சீடன் சம்பத் ஓடிவந்தான். "இன்னாம்மா இது? மனுசனுக்குதான் மிசினு!"

"அரிசிக்கும் கண்ணு பட்டுகீது நைனா" என்றாள் யுவராணி.

சாமுண்டீஸ்வரி யாரையும் கேட்கவில்லை. மூட்டையை இழுத்துக்கொண்டு நேரே பின்வாசலுக்குப் போனாள். மந்திரம் இல்லை, மயிலிறகு இல்லை. மெஷின் இருபத்தைந்து காட்டியது.

மண்டபமே எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு குரல் வந்தது: "அட, அரிசி எப்போ டயட்ல இருந்துச்சு?"

அவ்வளவுதான். அத்தனை பேரும் இந்த மெஷினுக்கும் அந்த மெஷினுக்குமாக ஓடினார்கள். பலருக்கு அன்றுதான் முதல் உடற்பயிற்சி. ஊர் பாரமெல்லாம் சுமந்த லேசானந்தர் சமையலறை ஜன்னல் வழியே தப்பப் பார்த்தார். தொந்தி சிக்கிக்கொண்டது. போலீஸ் வந்துதான் உருவி எடுத்தது.

சாமுண்டீஸ்வரி இப்போது மாத்திரை போடுகிறாள், மத்தியானம் சாப்பிடுகிறாள், யுவராணியோடு நடக்கிறாள். ஒரே மாதத்தில் கொடியிடை ஆகிவிடவில்லை. மயக்கம் நின்றிருக்கிறது. மாடிப்படியில் மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது.

ஆனால் அன்று கலைந்த கூட்டத்தில் ஒருவர் கவலையோடு கேட்டாரே, "அப்போ இனிமே எந்த சாமியாராண்ட போறது?" என்று! உடம்பு பெருத்தால் வெட்கமில்லை, மக்களே. மூளை மெலிந்தால்தான் வெட்கம்!