வெள்ளி ரூபாய்க்கு ஒரு சீர்திருத்தம்

புளி போட்டுத் தேய்த்து முடித்தபோது, வெள்ளி ரூபாயிலிருந்த மன்னரின் மீசையைக் காணவில்லை.

மேக்ஸ்வெல் திகைத்தான். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் எட்மண்ட் அவனை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் அது. எட்மண்ட் சாமானியரா? சுரங்கத்தில் தங்கத்தின் தரம் பார்த்துத் தலை நரைத்தவர். அவருடைய தந்தைக்குச் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் கையால் கொடுத்த காசு அது. துடைத்து வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்; ஞாயிறன்று திருச்சபையின் பழம்பொருள் காட்சியில் அது வீற்றிருக்க வேண்டும்.

கறுத்துக் கிடந்த காசைக் கண்டதும் மேக்ஸ்வெல்லுக்குள் ஒரு சீர்திருத்தவாதி கிளம்பிவிட்டான். அழுக்கா? அகற்று. பழமையா? பளபளப்பாக்கு. தேய்த்தான், மினுமினுப்பு வரவில்லை, இருந்த மினுமினுப்பும் போயிற்று.

மனைவி ஈவ்லின் எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, சட்டைப் பொத்தான் மாதிரி கீது?"

"பிளீச்சிங் பவுடர்ல ஊறவச்சா வெளுத்துடும்."

"காசு இன்னா உங்க பனியனா?"

ஊறவைத்தான். காசு அடுப்புக்கரியாக வெளியே வந்தது.

எஞ்சியது ஒரே வழி. தங்கவயலில் பிறந்தவன் எதை நம்பாவிட்டாலும் ஆசிட்டை நம்புவான். தங்கம் அதில் முங்கினால் முகம் தெளிந்து எழும். அவ்வூரில் அது ஊரறிந்த பாடம். தங்கத்துக்குரிய நீதி வெள்ளிக்கும் உண்டா என்று மட்டும் மேக்ஸ்வெல் கேட்கவில்லை. தங்க நகை கழுவ என்று பொய் சொல்லி, நகைக்கடை முனியப்பனிடம் நைட்ரிக் ஆசிட் வாங்கி வந்து, கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் காசைப் போட்டான்.

குப்பி சீறியது. பழுப்புப் புகை எழுந்தது. இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடியவன் புகை அடங்கித் திரும்பியபோது, குப்பியில் நீலநிறத் தண்ணீர் இருந்தது. காசு இல்லை.

குப்பியோடு முனியப்பனிடம் ஓடினான்.

"வெள்ளியையா போட்ட? தங்கந்தான்பா ஆசிட்ல நிக்கும், வெள்ளி கரைஞ்சிடும்." முனியப்பன் உப்புத் தண்ணீரைச் சாய்த்தார். குப்பிக்குள் வெள்ளை வெளேரென்று திரண்டு அடியில் படிந்தது. "பாரு, உன் காசு தயிராய்டுச்சு. பக்குவம் பண்ணி உருக்குனா வெள்ளி திரும்பிடும்."

"காசா திரும்புமா?"

"வடையா திரும்பும். காசு இன்னா ஊத்துற சமாச்சாரமா? மேல ஒரு அச்சு, கீழ ஒரு அச்சு, ஒரே அடி. அந்த அடியில வெள்ளி நசுங்கி ஓடுன ஓட்டம் மேல மெல்லிசு வரியா நிக்கும். அதான் புதுக்காசோட மினுமினுப்பு. நீ புளியைப் போட்டப்பவே அது போச்சு. ஆசிட் வெறும் அடக்கம் பண்ணுச்சு, அவ்ளோதான்."

வீடு திரும்பினால், கூடத்தில் எட்மண்டும் மாமியார் ஐடாவும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மாப்ளே. காசு எங்க?"

மறைக்க மனம் துடித்தது; கை துணியவில்லை. மேக்ஸ்வெல் குப்பியை நீட்டினான். "மாமா, மன்னிச்சிடுங்க. ஆசிட்ல கழுவுனேன். கரைஞ்சிடுச்சு."

எட்மண்ட் எழுந்தார். அடி விழும் என்று மேக்ஸ்வெல் கண்ணை மூடிக்கொண்டான்.

"முழுசா கரைஞ்சுச்சா?"

"முழுசா, மாமா."

"உப்புத் தண்ணி ஊத்துனீங்களா? இந்த வெள்ளை அப்பத்தான் வந்துச்சா?"

"ஆமா மாமா. தயிர் மாதிரி."

எட்மண்ட் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்கள் கலங்கின. பிறகு, ஒருநாளும் செய்யாததைச் செய்தார்: மருமகனைக் கட்டிக்கொண்டார். "எங்கப்பாவை அந்தத் துரை ஏமாத்தல, மாப்ளே. உப்புத் தண்ணிக்கு இப்படித் தயிரா திரண்டா அது அசல் வெள்ளி." குப்பியை அணைத்துக்கொண்டு, அண்டை வீட்டாருக்குக் காட்ட வெளியே நடந்தார்.

மேக்ஸ்வெல்லுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் சரிந்தான். "இவ்ளோ பெரிய மனசு யாருக்கு வரும் அத்தை. என்னை நம்பிக் குடுத்ததைக் கெடுத்தும் ஒரு வார்த்தை திட்டல."

ஐடா காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"அது போலியா அசலான்னு தன் கையால ஆசிட் ஊத்திப் பார்க்க அவருக்கு ஆயுசுக்கும் துணிச்சல் வரல மாப்ளே; நீங்களாவே எங்க மிக்சியை ஆசிட் ஊத்திச் சுத்தம் பண்ணிக் குடுத்தீங்களே, அன்னிக்குத்தான் காசை உங்ககிட்ட குடுக்கறதுன்னு முடிவே பண்ணாரு."